மூவாயிரமா, நாலாயிரமா?

தறி ஓடும் கொட்டகைக்குள் நின்று போனில் ஆர்டர் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பக்கம் ‘எழுநூறு’ என்பார்கள். நம் காதில் ‘எண்ணூறு’ என்று விழும். ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் கணக்கெழுதப் போன புதிதில் நானும் அப்படி ஒன்றில் மாட்டினேன். நூறு துண்டு கூடுதலாக நெய்து மடித்தாயிற்று. வாங்கிய திட்டு தனி. துண்டுகள் தீபாவளிக்குள் எப்படியோ விற்றுப் போயின. விமானத்தில் கூடுதலாக ஏறிவிட்ட ஆயிரம் அடியைத் தீபாவளிக்குத் தள்ளிவிட முடியாது.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு 2023 அக்டோபரில் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கியதிலிருந்து, ‘பைலட் ஆகணும், என்ன பண்ணணும்?’ என்று கேட்டு வரும் பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. கட்டணம் கேட்பார்கள், வங்கிக் கடன் கேட்பார்கள், கண்ணாடி போட்டிருந்தால் ஆகுமா என்பார்கள். காதில் விழுந்த எண்ணை விழுந்தபடியே திருப்பிச் சொல்லப் பழகுவது எப்படி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வேலையில் நிலைப்பதா, பேர் கெடுவதா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

2009 ஜூலை 27. லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட் கிளம்புகிறது. முதலாளிகளும் பணக்காரர்களும் தனியாகப் போய்வரும் ரகம். ‘மூவாயிரம் அடி வரை ஏறலாம்’ என்பது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவு. விமானத்திலிருந்து வந்த பதிலில் அது ‘நாலாயிரம்’ ஆகிவிட்டது. கோபுரத்தில் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. அந்த மூவாயிரம் சும்மா வைத்த வரம்பு அல்ல. அதற்கு மேலேதான் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்க வருபவர்களின் பாதை. அன்று அதில் வந்துகொண்டிருந்தது துருக்கி நாட்டு போயிங் 777. இரண்டும் ஒன்றையொன்று கடந்தபோது உயரத்தில் ஓரிரு நூறு அடிதான் வித்தியாசம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விமானிகள் தப்பாகத் திருப்பிச் சொன்னார்கள் என்பது பாதிக் கதை. தப்பாகத் திருப்பிச் சொன்னது ஒருவர் காதிலும் உறைக்கவில்லை என்பது மீதி. கோபுரத்தில் இருப்பவர் நாள் முழுக்க ‘மூவாயிரம்’ சொல்லி ‘மூவாயிரம்’ கேட்டுப் பழகியவர். பழகிய காது, எதிர்பார்ப்பதைத்தான் கேட்கும்.

சின்ன ஜெட்டுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. எடை குறைவு, எஞ்சின் வலு அதிகம். நிமிடத்துக்கு 3,000 அடி சாதாரணமாக ஏறும். ஓடுதளம் விட்டு மேலெழுந்து ஒரு நிமிடத்தில் மூவாயிரத்தைத் தொட்டுவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் சக்கரத்தை மடக்க வேண்டும், இறக்கைப் பட்டைகளைச் சேர்க்க வேண்டும், திரும்ப வேண்டும், வானொலி அலைவரிசை மாற்ற வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கும் டிரைவரிடம் அந்த நேரம் பார்த்துச் சில்லறைக் கணக்குக் கேட்ட மாதிரி. அதனால்தான் ஓடுதளத்துக்குப் போகும் முன்பே முதலில் நிற்க வேண்டிய உயரத்தை விமானிகள் இருவரும் வாய்விட்டுப் பேசி முடிக்கிறார்கள். தானியங்கிக் கருவியின் சின்னச் சாளரத்தில் ஒருவர் எண்ணை வைப்பார். மற்றவர் விரலை நீட்டி அதே எண்ணைப் படிப்பார். உயரம் வர ஆயிரம் அடி பாக்கி இருக்கும்போது ஒரு குரல்: ‘இன்னும் ஆயிரம்’. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். இருபது வருட அனுபவம் உள்ள கேப்டனும் விரல் நீட்டுகிறார்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இன்னொரு இடம் உயரமானி. காமலாபுரம் ஓடுதளத்தில் விமானம் நின்றுகொண்டிருக்கும்போதே அது ஏறத்தாழ 1,000 அடி காட்டும். தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. ஓமலூர்ச் சமவெளி அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கிழக்கே தெரிகிற சேர்வராயன் மலையின் உச்சி 5,300 அடி. இந்தக் கருவி உண்மையில் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. அன்றைய அழுத்தத்தைக் கோபுரம் சொல்லும், நீங்கள் திருகி வைக்க வேண்டும். 1003 என்றதை 1013 என்று வைத்தால், பத்து மில்லிபார் பிசகு ஏறத்தாழ 280 அடி பிசகாகிவிடும். நீங்கள் நினைப்பதைவிட அவ்வளவு தாழ்வாகப் பறப்பீர்கள். அழுத்தமும் காதால் வாங்கி வாயால் திருப்பித் தர வேண்டிய எண்தான்.

நம் ஆட்கள் நிறைய வாழும் மலேசியாவில் நடந்தது இது. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒவ்வோர் எண்ணாக, ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றார்கள். முதல் ‘டூ’ எண்ணாகக் கேட்கவில்லை. ‘அந்த உயரத்துக்கு’ என்பதில் வரும் ‘க்கு’வுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘டு’ என்ற சின்னச் சொல்லாகக் கேட்டது. விமானத்திலிருந்து ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று பதில் போனது. யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியும் இறங்கிக்கொண்டே போய் மலையில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். நமக்கு எழுநூறும் எண்ணூறும் போல ஆங்கிலத்துக்கு இந்த ‘டூ’ ஒரு கண்ணி.

திருப்பிச் சொன்னது சரியாகவே இருந்தும் நடந்த கொடுமை நம் நாட்டில் இருக்கிறது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதியா 747க்கு 14,000 அடியில் நிற்க உத்தரவு. எதிரே இறங்கி வந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76க்கு 15,000 அடி. கஜகஸ்தான் விமானத்தில் வானொலியில் பேசியவர் தனி ஆள்; 15,000 என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கென்று உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்க, விமானம் 15,000க்குக் கீழே நழுவியது. சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேல் இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, உத்தரவு கொடுத்த உயரத்தில் நிற்காததே காரணம் என்றது. டெல்லியில் அப்போது வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதை, உயரம் காட்டாத பழைய ராடார் என்பவையும் உண்டு. அதற்குப் பிறகுதான் மோதலை முன்கூட்டிச் சொல்லும் கருவி இங்கே கட்டாயமானது. கேட்டவர் ஒருவர், கை வைத்திருப்பவர் இன்னொருவர் என்றால், எண் காதிலிருந்து கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை யாராவது பார்த்தே ஆக வேண்டும். மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று, தறிக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததா?

சரி, இதைப் பழகுவது எப்படி? விமானப் பள்ளியில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் தங்கையை உட்கார வைத்து, டி.வி. சத்தத்துக்கு நடுவே எண்களைச் சொல்லச் சொல்லுங்கள்: உயரம், திசை, அலைவரிசை, மூன்றும் ஒரே மூச்சில். எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். இடையிடையே அவள் வேண்டுமென்றே தப்பான எண்ணுக்குத் தலையாட்டட்டும். நீங்கள் அதைப் பிடிக்கிறீர்களா என்று பார்க்கட்டும். ஆர்.டி.ஆர் என்கிற வானொலி உரிமத்தேர்வில் பலரைத் தடுக்கி விழவைப்பது இந்த வாய்ப்பழக்கம் இல்லாததுதான் என்பது என் கணிப்பு. பாடப்புத்தகம் அங்கே கைகொடுக்காது.

அதைவிடக் கஷ்டமானது வெட்கத்தை விடுவது. நம் ஊரில் இரண்டாவது முறை கேட்டால் ‘காது கேக்கலையா?’ என்பார்கள். அதனால் கேட்காததையும் ‘சரிங்கண்ணா’ என்று வாங்கிக்கொண்டு போய்விடுவோம். விமானி அறையில் அந்த ‘சரிங்கண்ணா’தான் ஆளைக் கொல்லும். வயதில் மூத்த கேப்டன் நாலாயிரம் என்று வைத்தால், வலப்பக்க இருக்கையில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் ‘சார், எனக்கு மூவாயிரம்னு கேட்டுது, கேட்டுக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். மரியாதையோடுதான், ஆனால் உடனே. இதைத் தறிக்கொட்டகையிலேயே ஆரம்பிக்கலாம்: ‘எழுநூறுங்களாண்ணா? ஏழு, சைபர், சைபர்?’ முதலில் சிரிப்பார்கள். அடுத்த லோடு சரியாகப் போனதும் அவர்களே அப்படிப் பேச ஆரம்பிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

தப்பு நடந்துவிட்டால் முதலில் விமானத்தைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், அடுத்து கோபுரத்திடம் சொல்லுங்கள், இறங்கியதும் எழுத்தில் கொடுங்கள். மறைத்தால் பதிவுக்கருவி காட்டிக்கொடுக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு ஏற்பாடு நடத்துகிறது: விமானிகள் தங்கள் பிசகை எழுதி அனுப்பலாம், அனுப்பியவர் பெயர் வெளியே போகாது. உயரம் தவறிய கதைகள் அங்கே வண்டி வண்டியாகக் குவிந்திருக்கின்றன, அதிலிருந்துதான் நடைமுறைகள் மாறுகின்றன. வேலை நேர்காணலில் ‘நீங்கள் செய்த தப்பு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘அப்படி ஒன்றும் இல்லைங்க’ என்று பதில் சொல்பவரை எடுக்க எந்த நல்ல நிறுவனமும் இரண்டு முறை யோசிக்கும். என்ன நடந்தது, எப்படித் தெரியவந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்ற வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு அரைக்கோடியைத் தாண்டும். தறி வித்துக் கட்டுகிற பணம். ஆகவே பள்ளி தேடும் முன் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள், அதில் தேறினால் முதல் வகுப்புச் சோதனை. காதும் கண்ணும் அங்கே தெரிந்துவிடும். முன்பணம் அதற்கப்புறம்.