டன்விச் புதர்வெளி

இங்கிலாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில், சபோக் மாவட்டத்தில், டன்விச் என்னும் சிற்றூர் உள்ளது. முற்காலத்தில் அது பெரியதொரு துறைமுக நகரமாய் விளங்கிற்று. 1286ஆம் ஆண்டில் எழுந்த கடும்புயலும் பின்னர் வந்த புயல்களும் கரையை அரித்து, அந்நகரைக் கடலுக்கு இரையாக்கின. இறுதியாகக் கரையின் விளிம்பில் நின்ற பழைய தேவாலயமும் 1904 முதல் 1919 வரை சிறிது சிறிதாகச் சரிந்து வீழ்ந்தது.

இவ்வூரின் தெற்கே, கடலை அடுத்த மணல்மேட்டின்மீது பரந்து கிடப்பது டன்விச் புதர்வெளி. கோடையின் பிற்பகுதியில் ஹெதர் என்னும் குறுஞ்செடி பூத்து, ஊதாக் கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும். நடந்து செல்வோர் ஒருபால் மலர்ப்பரப்பையும், மறுபால் வடகடலின் அலைகளையும் கண்டு களிப்பர்.

பண்டை மக்கள் காட்டை அழித்துக் கால்நடைகளை மேய்த்தமையால் இத்தகைய புதர்வெளிகள் உண்டாயின. பேணாது விட்டால் மரங்கள் முளைத்து மீண்டும் காடாகிவிடும். ஆதலின், 1968ஆம் ஆண்டு முதல் இவ்வெளியைக் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம், மரக்கன்றுகளைக் களைந்து வருகிறது.

இங்குள்ள முட்புதர்களில் டார்ட்போர்டு கதிர்க்குருவி கூடு கட்டும். 1962-63ஆம் ஆண்டின் கடுங்குளிரில் இப்பறவை பிரிட்டனில் ஏறத்தாழப் பத்து இணைகளாகக் குறைந்து, பின்னரே பெருகிற்று. இரவில் திரியும் பக்கியோ வெறுந்தரையில் முட்டையிடும். ஆகவே, இங்கு வருவோர் நாயைக் கயிற்றிற் பிணித்து, நடைபாதை வழியே செல்லுதல் வேண்டும்.

பொங்கும் கடலைத் தடுத்தல் அரிது. காலடியில் உள்ள கூட்டினைக் காத்தல் யாவர்க்கும் எளிது.