ஆபீஸ் போன் அடித்தால் யார் எடுப்பது?

மும்பை செம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தெரியும். சிஏ ஆபீஸ், டிராவல்ஸ், டியூஷன் கிளாஸ், பல் கிளினிக் என்று பெரும்பாலானவற்றில் ஒரு மொபைல் நம்பர்தான். அது ஓனருடையதாக இருக்கும், இல்லை முன்னால் உட்காரும் பெண்ணுடையதாக இருக்கும். ஓனர் மீட்டிங்கில் இருந்தால் போனை எடுக்க ஆளில்லை. அந்தப் பெண் வேலையை விட்டுப் போனால், வருஷக்கணக்கில் சேர்த்த கஸ்டமர்கள் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக ஆபீஸ் போடுகிற தங்கச்சிக்கு அக்கா முதலில் சொல்வது இதைத்தான்: நம்பர் ஆபீஸுடையதாக இருக்கட்டும், ஆளுடையதாக வேண்டாம். நெட்டில் ஓடும் போன் சிஸ்டம் இருந்தால் நாலு மேஜை ஆபீஸிலும் இது நடக்கும்.

இந்த வசதி பரவியதில் ஒரு சின்ன ஆபீஸின் தேவைக்கும் பங்கு உண்டு. 1999இல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு உதவி செய்யும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆபீஸுக்குப் போன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கையில் பணமில்லை. அதனால் தானே மென்பொருளாக எழுதிவிட்டார். ஆஸ்டரிஸ்க் என்ற அந்த மென்பொருள் இன்றும் இலவசம். உலகத்தில் எத்தனையோ ஆபீஸ் போன்களுக்குள் அதுதான் ஓடுகிறது. நம் நாட்டில் 2002 ஏப்ரலில் நெட் டெலிபோனுக்குக் கதவு திறந்தது, ஆனால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. நெட்டிலிருந்து சாதாரண லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் தாராளமாகப் பேச 2018 ஜூனில்தான் தொலைத்தொடர்புத் துறை வழி விட்டது.

கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

எலெக்ட்ரானிக்ஸ் கடைகளைத் தேடி லாமிங்டன் ரோட்டுக்குக் கிளம்பாதே. முதலில் ஒரு தாளை எடு. காலை பத்தரைக்கு கால் வந்தால் யார் மேஜையில் அடிக்க வேண்டும்? அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார்? லஞ்ச் நேரத்தில்? ராத்திரி எட்டு மணிக்கு? ஞாயிற்றுக்கிழமை? கணபதி விசர்ஜன் அன்றைக்கு? இதற்கெல்லாம் பதில் எழுதி முடித்தால் பாதி வேலை முடிந்தது. எந்தக் கம்பெனியிடம் போனாலும் அந்தத் தாளைக் காட்டி, "இப்படி நடக்கணும், உங்களால் முடியுமா?" என்று கேள். தாள் இல்லாமல் போனால் அவர்கள் விற்க நினைப்பதைத்தான் நீ வாங்கிக்கொண்டு வருவாய்.

எத்தனை விநாடி அடிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுது. இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் கஸ்டமரை இழப்பது இங்கேதான். நம் ஊர் ரிங் மூன்று விநாடிக்கு ஒரு தரம் "ட்ரிங் ட்ரிங்" என்று வரும். ஐந்து ரிங் என்றால் பதினைந்து விநாடி. ஐந்தாவது ரிங்கைத் தாண்டினால் பலருக்கும் பொறுமை குறையத் தொடங்கும். அதனால் முதல் மேஜையில் பன்னிரண்டு விநாடி, பிறகு எல்லா மேஜையிலும் ஒரே சமயத்தில் பன்னிரண்டு விநாடி, அதற்கும் ஆளில்லை என்றால் உன் மொபைலுக்கு. மொபைலில் எடுக்காத கால் 30 விநாடி அடிக்கலாம், லேண்ட்லைனில் 60 விநாடி என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வரையறுத்தது. ஆபீஸிலேயே அரை நிமிஷத்துக்கு மேல் அடிக்கவிட்டுப் பிறகு மொபைலுக்குத் திருப்பினால், அங்கே மணி அடிப்பதற்குள் கூப்பிட்டவர் அடுத்த ஆபீஸுக்குப் போன் போட்டிருப்பார்.

நம்பர் யார் பெயரில்?

022இல் தொடங்கும் நம்பருக்கு மும்பையில் இன்னும் ஒரு மதிப்பு உண்டு. வங்கியும் அரசு ஆபீஸும் அதைப் பார்த்ததும் நிஜமான ஆபீஸ் என்று நினைக்கும். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து வாங்கு. மொபைல் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றுகிற மாதிரி, லேண்ட்லைன் நம்பரை மாற்ற இந்தியாவில் வழி கிடையாது. சேவை பிடிக்கவில்லை என்று விட்டால் நம்பரும் போய்விடும். அதனால் இந்த ஒரு முடிவை மட்டும் அவசரமாக எடுக்காதே. ஏர்டெல், ஜியோ, டாடா டெலி போன்ற லைசென்ஸ் உள்ளவர்களிடம் நேராக, நெட் வழியாக வரும் சிப் லைன் வாங்கலாம். எக்ஸோடெல், நாலாரிட்டி, மைஆபரேட்டர், நம் சோஹோவின் வாய்ஸ் மாதிரியான கிளவுட் சேவைகள் வழியாகவும் போகலாம். எதுவானாலும் கேஒய்சி உன் கம்பெனி பான், ஜிஎஸ்டி சான்றிதழ், உன் கையெழுத்து இவற்றின் மேல்தான் நடக்க வேண்டும். "எங்க பேர்லயே எடுத்துத் தர்றோம் மேடம், பேப்பர் வேலை வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடு.

இன்னொன்று. உன் ஆபீஸின் மூலையில் சிம் கார்டுகள் செருகிய ஒரு பெட்டியை வைத்துக்கொண்டால் மாசாமாசம் வாடகை தருகிறோம் என்று யாராவது வரலாம். வெளிநாட்டு கால்களை உள்ளூர் கால் போலக் காட்டும் திருட்டு எக்ஸ்சேஞ்ச் அது. போலீஸ் வந்து நிற்பது உன் விலாசத்தில்தான். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் கொடு. அதே காரணத்துக்காக, டோம்பிவிலி வீட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒருவர் ஆபீஸ் லைனில் பேச வேண்டுமென்றால், சேவை தருபவரின் சொந்த ஆப் வழியாகச் செய். நீயே லேண்ட்லைனையும் நெட்டையும் ஏதாவது ஜுகாட் பண்ணி இணைக்காதே. அனுமதி உண்டா என்பதை அவர்களிடம் இமெயிலில் எழுதி வாங்கி வை.

பெட்டியா, கிளவுடா?

பத்துப் பேருக்குக் குறைந்த ஆபீஸ் என்றால் கிளவுடே போதும் என்பது என் தீர்மானமான எண்ணம். எக்ஸ்சேஞ்ச் உன் ஆபீஸில் இல்லாமல் அவர்கள் சர்வரில் இருக்கும். உன் ஆபீஸில் கரண்ட் போனாலும் நெட் போனாலும் கால் அங்கே வந்து சேர்ந்து, உன் மொபைலுக்குத் திரும்பும். 2020 அக்டோபர் 12ஆம் தேதி மும்பை முழுக்க மின்சாரம் போய் ரயிலெல்லாம் நின்றதே, அந்த மாதிரி நாளில் இதன் அருமை தெரியும். உள்ளுக்குள்ளேயே நிறையப் பேசும் ஆபீஸ், தொழிற்கூடம், நர்சிங் ஹோம் இவர்களுக்கு ஆபீஸிலேயே வைக்கும் சொந்த எக்ஸ்சேஞ்ச் பெட்டி சரிவரும். வதோதராவின் மேட்ரிக்ஸ் கம்பெனி நம் நாட்டிலேயே அதைச் செய்கிறது. பழைய எம்டிஎன்எல் லைனையும் அதில் செருகிக்கொள்ளலாம்.

மேஜை போன் எல்லாருக்கும் வேண்டாம். வரவேற்பு மேஜைக்கு மட்டும் ஒரு நல்ல ஐபி போன், மற்றவர்களுக்கு லேப்டாப்பில் ஆப், காதில் ஒயர் ஹெட்செட். ஹெட்செட்டில் காசு மிச்சம் பிடிக்காதே. கணபதி சமயத்தில் வாசலில் டோல் தாஷா மேளம் போகும்போது இரைச்சலை வடிகட்டும் மைக் இருந்தால்தான் எதிரில் இருப்பவருக்கு நீ பேசுவது கேட்கும். ஐபி போன் வாங்கினால், ஒரே ஒயரில் நெட்டும் கரண்டும் போகும் பிஓஇ ஸ்விட்சும் சேர்த்து வாங்கு. அப்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டால் எல்லாப் போனும் உயிரோடு இருக்கும். மேஜைக்கு மேஜை அடாப்டர் தேட வேண்டாம்.

நெட் வேகத்தைப் பற்றிப் பயப்படாதே. நல்ல தரத்தில் ஒரு கால் பேச ஒரு திசைக்கு 90 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். ஐந்து பேர் ஒன்றாகப் பேசினாலும் அரை எம்பிபிஎஸ் பக்கம்தான். பிரச்சினை வேகத்தில் இல்லை, நிதானத்தில். குரல் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்கு மேலானால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். யாராவது டேலி பேக்கப்பை கூகுள் டிரைவில் ஏற்றுகிற நேரத்தில்தான் குரல் கரகரவென்று உடையும். பேக்கப்பை ராத்திரிக்கு மாற்று. ரவுட்டரில் போனுக்கு முன்னுரிமை கொடு. வைஃபையை நம்பாமல் மேஜை போனுக்கு ஒயர் இழு. ரோடு தோண்டாத நாளில்லை என்பதால் இரண்டாவது நெட்டும் வேண்டும். அதையும் அதே கேபிள்காரரிடம் வாங்கினால் இரண்டு ஒயரும் ஒரே குழியில் அறுந்துபோகும். இரண்டாவது நெட், சிம் போடும் 5ஜி ரவுட்டராக இருக்கட்டும்.

டெக்னீஷியன் வருவதற்குள்

மூன்று கோளாறுகளை நீயே கண்டுபிடிக்கலாம். ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது, மற்றவர் பேசுவது கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி ஆன் ஆகியிருக்கும். உதவி என்று பெயர், செய்வது உபத்திரவம். செட்டிங்கில் போய் ஆஃப் பண்ணு. எடுத்த கால் ஒவ்வொரு முறையும் சரியாக முப்பது, முப்பத்திரண்டு விநாடியில் அறுந்தால் அது நெட் மோசம் என்பதால் இல்லை. நீ எடுத்தாய் என்ற தகவலுக்குத் திரும்பி வர வேண்டிய ஒப்புதல் வந்து சேரவில்லை, 32 விநாடி காத்திருந்து சிஸ்டம் வெட்டிவிடுகிறது. காரணம் பெரும்பாலும் அதே ஏஎல்ஜி, இல்லை ஃபயர்வால். மூன்றாவது, காலையில் போன் அடிக்கிறது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அடிப்பதில்லை, நீ ஒரு கால் போட்டதும் மறுபடி அடிக்கிறது. ரவுட்டர் அந்தப் போனை மறந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். போன் செட்டிங்கில் கீப் அலைவ் என்பதை ஆன் பண்ணி முப்பது விநாடி வை. டெக்னீஷியனிடம் "குரல் சரியில்லை" என்று சொல்லாமல் இந்த மாதிரி அடையாளத்தோடு சொன்னால் அவர் ஒரே விசிட்டில் முடித்துவிடுவார்.

வரவேற்புக் குரலை நீயே பதிவு செய். தமிழுக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, மராத்திக்கு மூன்று, இங்கிலீஷுக்கு நாலு என்று சொல்லி முடிப்பதற்குள் கூப்பிட்டவர் களைத்துவிடுவார். நாலு பேர் ஆபீஸுக்கு மொழி மெனு தேவையே இல்லை. செம்பூரில் முதல் வணக்கம் மராத்தியிலோ இந்தியிலோ இருக்கட்டும், எடுப்பவர் பிறகு தமிழுக்கு மாறிக்கொள்ளட்டும். சொல்லும் வரிசையிலும் கவனம் வேண்டும். "ஒன்றை அழுத்தவும், கணக்கு விஷயத்துக்கு" என்றால் எண் மறந்துபோகும். "கணக்கு விஷயம் என்றால் ஒன்று" என்று வேலையை முதலில் சொல்லி எண்ணைக் கடைசியில் சொன்னால் விரல் தானாகப் போகும். மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம். ஒன்றும் அழுத்தாமல் இருப்பவருக்கு லைனை வெட்டிவிடாதே, ஆளிடம் சேர்த்துவிடு. நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் எதையும் அழுத்தாமல் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பூட்டு

101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 101, 102க்கு 102 என்று பாஸ்வேர்டு வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. சொந்தப் பெட்டி வைத்து அதன் 5060 போர்ட்டை வெளியே திறந்து விட்டால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து பாஸ்வேர்டைத் தட்டிப்பார்க்கும். உடைந்துவிட்டால் சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து, நிமிஷத்துக்குக் கொள்ளைக் காசு ஆகும் வெளிநாட்டு நம்பர்களுக்குக் கால் பறக்கும். திங்கட்கிழமை பில் உன்னுடையது. ஐஎஸ்டியை முழுக்க மூடச் சொல். துபாய்க்குப் பேச வேண்டியிருந்தால் துபாய்க்கு மட்டும், ஒரே ஒரு மேஜைக்குத் திற. முடிந்தால் ப்ரீபெய்டாக வை, தினச் செலவுக்கு உச்சவரம்பு போடு. வேலையை விட்டுப் போகிறவரின் ஆப் லாகினை அன்று சாயங்காலமே எடுத்துவிடு.

கால் பதிவு செய்வதாக இருந்தால் வரவேற்புக் குரலிலேயே அதைச் சொல்லு. பதிவுகளை வருஷக்கணக்கில் குவிக்காதே. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, தேவையில்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு பதிவும் உன் பொறுப்பு. அந்த நம்பரிலிருந்து விளம்பர கால் போடவே போடாதே. அதற்கு 140 வரிசை தனியாக இருக்கிறது. புகார் சேர்ந்தால் லைன் போகும்.

நெட் போனிலிருந்து அவசர உதவிக்கு 112 அடித்தால், நீ எங்கே இருக்கிறாய் என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரியும் என்று நம்பி இருக்காதே. மாகுலில் பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை 2018 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெடித்துத் தீப்பிடித்தது நமக்கு அடுத்த தெருவில் நடந்த மாதிரிதான். அப்படிப்பட்ட அவசரத்துக்கு, சார்ஜ் போட்ட ஒரு சாதாரண மொபைல் வரவேற்பு மேஜையில் எப்போதும் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஆபீஸ் முழு விலாசம், தீயணைப்புக்கு 101, சொசைட்டி வாட்ச்மேன் நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு தடவை மிஸ்டு கால் பட்டியலைத் திறந்து பார். கிளவுட் சேவைகளில் அது மணிவாரியாக இருக்கும். மதியம் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் சிவப்பாகத் தெரிந்தால் லஞ்சை இரண்டு ஷிப்டாகப் பிரி. சாயங்காலம் ஏழுக்கு மேல் நிறைய வந்தால், வேலை முடிந்து ஹார்பர் லைனில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஒருவரின் மொபைலுக்கு எட்டு மணி வரை திருப்பிவிடு. பழைய நம்பரைக் குறைந்தது ஒரு வருஷம் கையில் வைத்திரு. புது நம்பரை கூகுள் மேப்பிலும், லெட்டர்பேடிலும், வங்கியிலும், ஜிஎஸ்டி தளத்திலும் மாற்று. ஷட்டருக்கு மேல் இருக்கும் போர்டைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.