ஓர் ஒற்றின் பிழை

நாம் நாள்தோறும் எழுதும் கடிதங்களிலும் விண்ணப்பங்களிலும் பிழைகள் பல மலிந்துள்ளன. அவற்றுள் சிறிதெனத் தோன்றிப் பெருங்கேடு விளைப்பது, இரு சொற்களுக்கிடையே வரவேண்டிய வல்லின ஒற்றை விட்டுவிடுதலும், வேண்டாத இடத்தில் அதனை இடுதலுமாம். க், ச், த், ப் என்னும் நான்கு எழுத்துக்களே ஈண்டு நாம் கருதுவன. “ஓர் எழுத்துத்தானே, விட்டால் என்ன?” என்று வினவும் மாணவர்க்கு என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன்.

யான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், அறைத் தோழன் ஒருவன் தான் பரீட்சையில் தேறிய செய்தியறிந்து, மகிழ்ச்சி மிகுதியால் இரவில் ஆர்ப்பரித்து ஓடிவந்தான். மறுநாள் வீட்டிற்கு அஞ்சலட்டை எழுதிய யான், “நேற்றிரவு அறைத் தோழன் கத்தி கொண்டு என்னிடம் ஓடிவந்தான், மற்றவை நேரில்” என்று முடித்துவிட்டேன். “கத்திக்கொண்டு” என்று எழுதியிருத்தல் வேண்டும். சில நாட்கள் சென்றபின், வைகறையில் என் தந்தையார் விடுதி வாயிலில் நின்றார். வழிச்செலவுக்குக் கடன் வாங்கி, இரவெல்லாம் உறங்காது வந்திருந்தார். என் தோளையும் கைகளையும் தொட்டுப் பார்த்த பின்னரே வாய் திறந்தார். உண்மை அறிந்தபோது அவர் சினந்தாரில்லை. “எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருக்கலாமே, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அவர் இலக்கணம் கற்றவரல்லர். எனினும் அச்சொல்லில் ஓர் உண்மை உளது. ஒற்று மிகுதலை நம் நா முன்னரே அறியும். எழுத்தறியாதவரும் “எனக்குத் தெரியும்” என்று தகரத்தை அழுத்தியே சொல்வர். “கேட்டுச் சொல்”, “வந்து சொல்” என்னும் இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னதில் சகரம் வன்மையாகவும் பின்னதில் மென்மையாகவும் ஒலித்தல் விளங்கும். முன்னது வன்றொடர், ஆதலின் மிகும். பின்னது மென்றொடர் வினையெச்சம், ஆதலின் மிகாது. நாவறிந்த இதனைக் கை மறத்தலே பிழைக்குக் காரணம்.

ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகள் வெளிப்பட நிற்குமிடத்து ஒற்று மிகும்: பாடத்தைப் படித்தான், ஊருக்குப் போனான். இகர ஈற்று வினையெச்சத்தின் பின்னும் மிகும்: ஓடிப் போனான், தேடிக் கண்டான். பெயரெச்சத்தின் பின் மிகாது. “படித்தப் புத்தகம்” என்பதும் “பெரியக் கடை” என்பதும் பிழை. படித்த புத்தகம், பெரிய கடை என்பனவே சரி. ஆயினும் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும்: ஓடாத குதிரை, ஓடாக் குதிரை.

மிகை இடுதலும் பொருளைத் திரித்துவிடும். “தந்த பலகை” ஒருவர் கொடுத்தது. “தந்தப் பலகை” யானைக் கொம்பாற் செய்தது. விண்ணப்பத்தில் “வேலைக் கேட்டு வந்தேன்” என்று எழுதுவோன் கேட்பது உத்தியோகமன்று; போர்க்களத்து வேலாயுதம்! “வேலை கேட்டு” என்றெழுதினாலன்றோ அவன் கருத்து விளங்கும்?

ஆதலின், மாணவர்களே, எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலான பிழைகளைச் செவியே காட்டிக்கொடுக்கும். செவிக்கும் ஐயம் எழுமாயின், பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நாடுங்கள். எழுதியவன் அருகில் இல்லாதபோது, படிப்பவர்க்கு அவன் எழுத்தன்றி வேறு துணை இல்லை. என் தந்தையார் அவ்விரவில் கையிற் பற்றியிருந்ததும் அந்த ஓர் அஞ்சலட்டையே.