நெடி அடித்தால்தான் மருந்தா?

கண்டியில் நாயோ பூனையோ ஓயாமல் சொறியத் தொடங்கினால், வீட்டுக்காரர் கை முதலில் போவது காரமான ஏதாவது ஒன்றை நோக்கித்தான். துணி தோய்க்கும் சவர்க்காரம், கார்பொலிக் சவர்க்காரம், தேசிக்காய்ச் சாறு, உண்ணிக்கு மண்ணெண்ணெய், சொறிக்குக் கராஜில் கேட்டு வாங்கிய பழைய எஞ்சின் ஒயில். மூக்கைத் துளைக்கும் நெடியும் பொங்கி வழியும் நுரையும் இருந்தால் கிருமி சாகும் என்ற நம்பிக்கையே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயை எட்டியது. இறக்குமதி ஷம்பூவின் விலையும் ஏறியது. நல்ல ஷம்பூ வாங்கக் காசில்லாதவருக்கு இந்தக் காரங்களை விட்டால் வேறு வழியில்லை என்ற எண்ணமும் அத்தோடு வேரூன்றியது. இரண்டுமே பிழை. மென்மையான தோலுள்ள பிராணியைக் குறைந்த செலவில் நன்றாகவே குளிப்பாட்டலாம். அதற்குத் தடையாக நிற்பது விலையை விட அந்த நெடி மீதுள்ள நம்பிக்கைதான்.

மனிதத் தோலின் மேற்படையில் 10 முதல் 15 வரையான உயிரணு அடுக்குகள் உண்டு. நாயின் மேற்படையில் 3 முதல் 5 வரைதான். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. சவர்க்காரக் கட்டியோ பிஎச் 9, 10 என்ற அளவில் காரம் மிக்கது. அழுக்கோடு சேர்த்துத் தோலைக் காக்கும் எண்ணெய்ப் படலத்தையும் அது உரித்துவிடுகிறது. தோல் வறண்டு அரிப்புக் கூடுகிறது. அரிப்பைக் கண்டு மறுபடியும் அதே சவர்க்காரம். ‘எங்கள் தாத்தா காலத்து நாய்க்கெல்லாம் துணிச் சவர்க்காரம்தான், அவற்றுக்கு என்ன வந்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. நலமான தோல் இழந்த எண்ணெயைத் தானே ஈடுசெய்துகொள்ளும். ஒவ்வாமையால் ஏற்கனவே வெடித்த தோலுக்கு அந்தத் தெம்பு இல்லை. பூனை விடயத்தில் ஆபத்து இன்னும் பெரிது. கார்பொலிக் சவர்க்காரத்திலும் கிருமிநாசினித் திரவங்களிலும் உள்ள பீனோல் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் எளிதில் முறிக்க முடியாது. நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே பறிக்கலாம்.

வேம்பும் தேசிக்காயும் இயற்கையானவைதானே என்பது அடுத்த வாதம். தேசிக்காய்ச் சாறு புண்ணில் பட்டால் எரியும். வெயில் பட்டால் அந்த இடம் கொப்பளிக்கவும் கூடும். பிராணி நக்குவதால் உடம்பில் பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும் என்பதை மறக்கக் கூடாது. எஞ்சின் ஒயிலில் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் அதன் ஆவியும் எண்ணெயும் நுரையீரலையும் பாதிக்கும். சொறிக்குக் காரணம் தோலுக்குள் வாழும் சிற்றுண்ணியா, தெள்ளுக் கடியால் வந்த ஒவ்வாமையா, பூஞ்சணமா என்பது வெளியே பார்த்துத் தெரிவதில்லை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. காரணத்தை அறிய ஒருமுறை செலவழிப்பது, அறியாமல் பத்துப் பொருட்களை மாற்றி மாற்றிப் பூசுவதை விட மலிவு.

அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் கெடும் என்பதும் பாதி உண்மையே. கெடுப்பது பெரும்பாலும் பூசும் பொருள். விலங்குகளின் ஒவ்வாமை நோய்களுக்கான சர்வதேசக் குழு 2015 இல் புதுப்பித்த வழிகாட்டல், ஒவ்வாமைத் தோல் அழற்சி உள்ள நாயை வாரம் ஒருமுறையாவது மென்மையான ஷம்பூவும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு குளிப்பாட்டச் சொல்கிறது. வெந்நீர் கூடாது, அது அரிப்பைக் கிளறும். பலசரக்குக் கடையில் கிடைக்கும் இனிப்போ சுவையூட்டியோ சேராத ஓட்ஸை மாவாக அரைத்து, நீர் பால்போல் கலங்கும்வரை கலக்கி, பத்து நிமிடம் உடம்பில் ஊறவிட்டுக் கழுவினால் அரிப்புத் தணியும். நோயை அது குணப்படுத்தாது. அரிப்பின் வேகத்தைக் குறைக்கும். சாதாரண ஷம்பூவை முதலில் ஒரு கோப்பை நீரில் கரைத்து ஊற்றினால் குறைந்த அளவே போதும், அலசுவதும் சுலபம். வைத்தியர் குளோர்ஹெக்சிடின் ஷம்பூ எழுதித் தந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு புண் உள்ள இடங்களுக்கு மட்டும் பூசலாம். அதுவும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பூசிய உடனே கழுவினால் காசும் நீரோடு போகும்.

செலவை மிச்சம் பிடிக்க மகாவலி ஆற்றிலோ பிங்கா ஓயாவிலோ இறக்கிக் கழுவுவதும் உண்டு. நகரக் கழிவைச் சுமந்துவரும் மெத எலக் கால்வாய் மகாவலியில்தான் கலக்கிறது. அத்தகைய நீரில் இருக்கக்கூடிய எலிக்காய்ச்சல் கிருமி வெடித்த தோல் வழியாகவும் நுழையும். 2008 இல் அந்நோய் நாட்டில் பெரிதாகப் பரவியபோது கண்டி மாவட்டமும் தப்பவில்லை. கழுவுகிறவர் கால் விரலிடுக்கில் உள்ள சிறு புண்ணும் கிருமி நுழையப் போதும். வீட்டு முற்றத்தில் ஒரு வாளி நீரே பாதுகாப்பு.

குளிப்பாட்டிய பிறகு உலர்த்தும் வேலையைத்தான் பலர் கைவிடுகிறார்கள். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை வழக்கமாகையால் காலை பத்து மணி வெயில்தான் நல்ல நேரம். பொமரேனியன் போன்ற அடர்ந்த உரோம நாய்களுக்கு மேல் உரோமம் உலர்ந்தாலும் அடியில் ஈரம் தங்கும். காது மடலுக்குக் கீழும் விரலிடுக்கிலும் பூஞ்சணம் தொடங்குவது அந்த ஈரத்தில்தான். பழைய பருத்தித் துவாயால் ஒற்றி எடுத்து, உரோமத்தை விரலால் பிரித்துத் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் இன்னொரு துவாய் எடுக்க வேண்டியதுதான்.