பாலைவனக் கனி இரத்தக் கட்டியைக் கரைக்குமா?

வறண்ட நிலத்தில் விளையும் ஒரு பழம் இரத்தக் கட்டியைக் கரைப்பதாக ஆய்வில் தெரிந்துவிட்டது என்று உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரலாம். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே கரைந்தது? உடம்பிலா, சோதனைக் குழாயிலா?

இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவும் ஒரே முறையில் நடக்கின்றன. இந்தியாவின் நாக்பூரில் உள்ள மத்திய இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2006இல் அதை வெளியிட்டார்கள். நலமாக உள்ளவரிடம் இரத்தம் எடுத்து, எடை பார்த்த சிறு குழாய்களில் அரை மில்லிலிட்டர் வீதம் ஊற்றுவார்கள். உடல் சூடான 37 பாகையில் 45 நிமிடம் வைத்தால் இரத்தம் உறைந்துவிடும். மேலே நிற்கும் நீரை எடுத்துவிட்டுக் கட்டியை நிறுப்பார்கள். ஒரு குழாயில் மூலிகைச் சாறு, ஒன்றில் வெறும் நீர், இன்னொன்றில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து. 90 நிமிடம் கழித்து மறுபடி நிறுத்தால், எந்தக் குழாயில் கட்டி எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

அதே குழுவினர் 2007இல், பாலை நிலத்தில் வளரும் ‘தமாசா’ என்ற முட்செடியை இவ்வாறு சோதித்தார்கள். குழாயில் கட்டி கரையத்தான் செய்தது. செலவு குறைந்த, நல்ல சோதனை இது. எந்தச் செடியை மேலும் ஆராயலாம் என்று காட்டும். அதற்கு மேல் ஆய்வாளர்களே சொல்லாததைச் செய்தி அனுப்புகிறவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

குழாயில் சாறு கட்டியின் மேலேயே விழுகிறது. நாம் சாப்பிடும் பழமோ வயிற்றில் செரித்து, கல்லீரலைக் கடந்து, பல லிட்டர் இரத்தத்தில் கலக்க வேண்டும். மூளை இரத்தக் குழாயில் அடைத்த கட்டிவரை என்ன போய்ச் சேரும்? கட்டி கரைக்கும் மருந்தை மருத்துவர்கள் ஊசி வழியாக நேரே இரத்தத்தில் செலுத்துவதும் இதனால்தான்.

ஒருவேளை சாறு உண்மையிலேயே வேலை செய்தால்? அப்போதும் கவலைதான். நீங்கள் வார்ஃபரின் சாப்பிடுபவரானால், இரத்தம் உறையும் அளவைச் சோதித்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்கள். பலருக்கு அந்த ‘ஐ.என்.ஆர்.’ எண் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். இடையில் மூலிகைச் சாறோ பூண்டு மாத்திரையோ சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஈறில் இரத்தம், கருப்பு மலம், காரணமில்லாத நீலத் தழும்பு கண்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பழத்தைப் பழமாக அளவோடு சாப்பிடலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதன் சர்க்கரையையும் கணக்கில் வையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாறு, பொடி, லேகியம் எது வாங்கினாலும் பாட்டிலோடு கிளினிக்குக்குக் கொண்டு வந்து மருந்தாளரிடம் காட்டுங்கள். ‘திட்டுவார்களோ’ என்று மறைக்க வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால், எந்தச் சாறும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே 999ஐ அழையுங்கள். கட்டி கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்து, ஆம்புலன்சில் வருபவரிடம் சொல்லுங்கள்.