வண்டிக்கு எந்த மெழுகு நல்லது?

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்துப்போல் உருண்டோடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளும், அவற்றைப் போர்த்தியுள்ள மெழுகுமே இதற்குக் காரணம். மெழுகு பூசிய காரின் மேலும் மழைநீர் இவ்வாறே துளித்துளியாகத் திரள்கிறது.

வண்டிக்கு மெழுகு எதற்கு? வெறும் அழகுக்காகவா? இல்லை. இரும்புத் தகட்டின் மேல் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பட்டால் துருப் பிடிக்கும். அதைத் தடுப்பது வண்ணப்பூச்சு. அந்தப் பூச்சையே பறவை எச்சமும் தூசியும் உப்புக் காற்றும் நாளடைவில் கெடுக்கின்றன. எனவே, பூச்சுக்கும் ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல்தான் மெழுகு.

உருகுநிலையைப் பாருங்கள்

கடையில் பலவகை மெழுகுகள் உண்டு. நீடித்து உழைப்பது எது? முதலில் கவனிக்க வேண்டியது உருகுநிலை. கோடை நண்பகலில் கரிய நிறக் காரின் தகடு 70° செல்சியஸ் வரைகூடச் சூடேறலாம். மெழுகுவத்தி செய்யப் பயன்படும் பாரஃபின் ஏறத்தாழ 50° முதல் 65° வரையில் உருகிவிடும். தேன்மெழுகு 62° முதல் 64° வரையில் உருகும். இவை தனியே பூசப்பட்டால் வெயிலில் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கார்னௌபா மெழுகோ 82° முதல் 86° வரையில்தான் உருகும். பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனை மரமே இதைத் தருகிறது. நம் பனையைப்போலவே இதற்கும் விசிறி வடிவ ஓலைகள். ஓலையிலுள்ள நீர் ஆவியாகிவிடாமல் காக்கவே மரம் இந்த மெழுகைச் சுரக்கிறது. ஓலைகளை வெட்டி, உலர்த்தி, தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். மரத்தின் காவற்போர்வையை மனிதன் தன் வண்டிக்கு இரவல் வாங்கிக்கொண்டான்!

ஆயினும், தூய கார்னௌபா மிகக் கடினமானது. கையால் தேய்த்துப் பரப்ப இயலாது. ஆகவே மென்மையான மெழுகுகளையும் கரைப்பான்களையும் கலந்தே விற்கிறார்கள். பூசியபின் கரைப்பான் ஆவியாகிவிட, மெழுகுப் படலம் மட்டும் எஞ்சும். டப்பாவின் மேல் பெயர் இருப்பதால் மட்டும் உள்ளே அதுவே நிறைந்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சோப்பும் மண்ணெண்ணெயும்

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரைப் பற்றும். மறுமுனை எண்ணெயையும் மெழுகையும் பற்றும். எனவே ஒவ்வொரு முறை கழுவும்போதும் மெழுகு சிறிது சிறிதாகத் தேய்கிறது. இயற்கை மெழுகு சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை நிற்கும். பூச்சின் மேல் நன்கு பற்றிக்கொள்ளும் செயற்கைப் பல்படிமப் பூச்சுகள் பொதுவாக இதைவிட அதிக நாள் நிற்கும்.

சிலர் பளபளப்புக்காக வண்டியை மண்ணெண்ணெயால் துடைப்பார்கள். மண்ணெண்ணெய் மெழுகைக் கரைக்கும் கரைப்பான். துடைத்தவுடன் வண்டி மின்னும், காவலோ போய்விடும். பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்பதை மறவாதீர்கள்.

மெழுகைத் தடிமனாகப் பூசுவதாலும் பயனில்லை. மிகுதியெல்லாம் துணியோடு போய்விடும். வண்டியைக் கழுவி, உலர்த்தி, நிழலில் வைத்து மெல்லியதாகப் பூசுவதே முறை. வெயிலால் நிறம் மங்குவதை மெழுகு முழுவதும் தடுக்காது. அதற்கு நிழலே நல்ல மருந்து.

நீங்களே செய்து பாருங்கள்

வண்ணம் பூசிய பழைய தகர மூடி ஒன்றை எடுத்து மூன்று பகுதிகளாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் மெழுகுவத்தியையும், இன்னொன்றில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தேன்மெழுகையும் தேய்த்துத் துணியால் துடையுங்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர் விட்டு, துளி உருண்டு நிற்கிறதா, பரவுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியை நாள்தோறும் வெயிலில் வைத்து, மாலையில் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் மீண்டும் சொட்டு விட்டுப் பாருங்கள். எந்தப் பகுதியில் துளி முதலில் பரவத் தொடங்குகிறது? எத்தனையாவது நாளில்?

கடைக்காரர் எதைப் புகழ்ந்தாலும், மெழுகின் ஆயுளைச் சொல்ல அந்த ஒரு சொட்டு நீர் போதும்.