சில்லறைக் கணக்கு: எக்செல்லில் எளிய வழி

“1, 2, 5 ரூபாய் நாணயங்களைக் கொண்டு 10 ரூபாய்க்கு எத்தனை விதமாகச் சில்லறை தரலாம்?” பொறியியல் படிப்பை முடித்ததும் நான் போன முதல் நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட கேள்வி இது. நான் எழுதிய புரோகிராம் 128 என்றது. வேலை கிடைக்கவில்லை. 2+1, 1+2 இரண்டையும் வெவ்வேறு வழிகளாக எண்ணியதுதான் தவறு. எந்த வரிசையில் கொடுத்தாலும் சில்லறை ஒன்றுதானே!

எக்செல்லைத் திறந்து நீங்களே போட்டுப் பாருங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.

1. ஏ1 முதல் ஏ11 வரை 0, 1, 2 எனத் தொடங்கி 10 வரை தொகைகளை அமைக்கவும்.

2. பி1 முதல் பி11 வரை 1 என டைப் செய்யவும். 1 ரூபாய் மட்டும் இருந்தால் எந்தத் தொகைக்கும் ஒரே வழிதான்.

3. அடுத்து 2 ரூபாய். சி1-ல் =பி1 எனக் கொடுத்து சி2 வரை இழுக்கவும். சி3-ல் =பி3+சி1 எனக் கொடுத்து சி11 வரை இழுக்கவும். அதாவது, 2 ரூபாய் இல்லாத வழிகளுடன், ஒரு 2 ரூபாயைக் கொடுத்தபின் மீதித் தொகைக்கான வழிகளைக் கூட்டுகிறோம்.

4. கடைசியாக 5 ரூபாய். டி1-ல் =சி1 எனக் கொடுத்து டி5 வரை இழுக்கவும். டி6-ல் =சி6+டி1 எனக் கொடுத்து டி11 வரை இழுக்கவும்.

டி11-ல் 10 என விடை வந்துவிட்டதா? ஒரு வகை நாணயத்தை முடித்த பிறகே அடுத்த வகைக்குப் போவதால், ஒரே சில்லறை இருமுறை எண்ணப்படுவதில்லை.

நான்கு பத்திகளையும் 101-வது வரிசை வரை நீட்டினால் 100 ரூபாய்க்கும் விடை கிடைக்கும். 541 வந்தால் சரி!